பேசாத ஆலா

ஆலா பேசக் கூடாது என்பதுதான் அதற்குக் கற்பித்த முதல் பாடம். பறப்பது, பார்ப்பது, ஆடுகிற கப்பலில் வந்து இறங்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெயரைப் பார்த்துவிட்டுக் கடற்பறவை என்று நினைக்க வேண்டாம். பறவையின் பெயரை விமானத்துக்கு வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே விமானி கிடையாது. மகரம் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கிளம்பும். யாருடைய ராடாரிலும் அகப்படாமல் வெகுதூரம் போகும். எதிரிக் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டு, போன சுவடு தெரியாமல் திரும்பும். வழியில் அது வானொலியில் ஒரு தடவை செருமினால் போதும், சத்தம் வந்த திசையை எதிரி கணக்குப் போட்டுவிடுவான். கொஞ்சம் பொறுமையிருந்தால் அது புறப்பட்ட கப்பலையும் கண்டுபிடித்துவிடுவான். கப்பலில் ஆயிரத்தைந்நூறு பேர் இருக்கிறார்கள். ஆகவே ஆலாவின் வாய்க்குப் பெரிய பூட்டாகப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறந்துகொண்டு ஆலா பேசிவிட்டது.

கடற்படை தனக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வங்கக் கடலில் போர்ப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்த சமயம். மகரத்தின் வானொலி அறையில் 'டக், டக்' என்று இரண்டு சத்தம் கேட்டது. பேச்சு ஒன்றும் இல்லை. பேசும் பொத்தானை யாரோ இரண்டு தரம் அமுக்கிவிட்ட மாதிரி இருந்தது. எதிர்க்கட்சிக்கு அதுவே தாராளம். முன்பகலுக்குள் மகரத்தைக் கண்டுபிடித்து, பொய் ஏவுகணைகளால் அடித்து, கப்பல் மூழ்கிவிட்டது என்று நடுவர்களைச் சொல்லவும் வைத்துவிட்டார்கள். மூழ்கிய கப்பலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

சத்தம் வந்ததுமே அந்தத் திசைக்கு ஒரு ஹெலிகாப்டர் போயிருந்தது. அங்கே கவிழ்ந்த ஃபைபர் படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு மீனவர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். இருவரையும் தூக்கிவந்து, கஞ்சி கொடுத்து, கரைக்கு அனுப்பினார்கள். ஆலாவும் ஹெலிகாப்டருக்குப் பின்னாலேயே ஒழுங்காக வந்து இறங்கியது. அதை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. கோளாறு என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆய்வகத்தில் அந்தக் கோளாறு செண்பகவல்லியின் மேசைக்கு வந்தது. கோவில்பட்டிக்காரி. நாற்பதைத் தாண்டியவள். ஆலாவின் மூளை என்று எல்லோரும் சொல்கிற மென்பொருளில் பாதிக்கு மேல் அவள் எழுதியது. இயக்குநர் வைத்தீஸ்வரன் அவள் எதிரில் உட்கார்ந்து, கத்தாமல், வருத்தமாகச் சொன்னார்.

"பத்து வருஷம் செண்பகவல்லி. நூறு பேரோட உழைப்பு. ரெண்டு டக்ல போயிடும் போலருக்கு. என்னன்னு கண்டுபிடிங்க. எடுத்துடுங்க."

கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

தேடினாள். 'தண்ணீரில் ஆளைப் பார்த்தால் கூப்பிடு' என்று எந்த மூலையிலும் யாரும் எழுதியிருக்கவில்லை. அவள் எழுதவில்லை, மற்றவர்களும் எழுதவில்லை. எழுதாத ஒன்றை எங்கே போய் அழிப்பது? இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்று புத்தி வந்தது.

ஆலாவுக்கு எல்லாவற்றையும் விதியாக எழுதிக் கொடுத்துவிடவில்லை. அது முடியவும் முடியாது. கடலில் மேலும் கீழும் போய்வருகிற ஒரு துண்டு இரும்பில், தளத்தின் குறுக்கே கட்டிய கயிற்றைக் கொக்கியில் மாட்டி நிற்க வேண்டும். காற்று ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது. அதனால் அதே வகைக் கப்பல்களில் இருபது வருஷமாகப் பறந்த மனித விமானிகளின் பதிவுகளையெல்லாம் மொத்தமாக அதன் முன்னால் கொட்டி, பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டிருந்தார்கள். எந்தக் கை எப்போது எந்தப் பக்கம் அசைந்தது, எந்தக் கண் எங்கே திரும்பியது, எல்லாம் அதில் இருந்தது. அந்தக் குவியலில் 'டக், டக்' என்று தேடினாள். கிடைத்தது. ஒன்றல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறைய. எல்லாமே வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு இருந்த நாட்கள். எல்லாவற்றிலும் கீழே தண்ணீரில் யாரோ இருந்தார்கள்.

திட்டத்துக்கு ஆலோசகராக ஒரு பழைய விமானி இருந்தார். கமாண்டர் ஸ்டான்லி தேவசகாயம். நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்றவர். ஆய்வகத்தில் தெற்கத்தித் தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று தினமும் அவள் அறைக்கு டீயோடு வருவார். அன்று வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன சார்?"

ஸ்டான்லி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துடைத்த மாதிரிதான் ஏற்கெனவே இருந்தது.

"இத எங்க இருந்து பிடிச்சீங்க மேடம்?"

"உங்க ஆளுங்க பறந்த பதிவுலதான் இருக்கு. கை தவறி அமுக்குனதுன்னு சொல்லாதீங்க. இத்தன பேருக்குக் கை தவறாது."

"கை தவறுனதுன்னுதான் சொல்லணும். அதுக்குத்தானே அப்படிச் செய்யது." டீயை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது ஒரு பழக்கம் பாத்துக்கிடுங்க. மேல போம்போ கீழ எவனாவது படகு கவுந்து தத்தளிச்சிட்டுக் கிடப்பான். வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதுக்காவ கண்ண மூடிட்டுப் போவ முடியுமா? ரெண்டு தட்டு. கப்பல்ல வானொலி கேக்கவனுக்குத் தெரியும். சத்தம் வந்த திசையப் பாத்து, எஞ்சின் சோதனைன்னு ஒரு ஹெலிகாப்டர அனுப்புவான். அவனும் ஒண்ணும் கேக்கலம்பான், நாங்களும் ஒண்ணும் சொல்லலம்போம்."

"இத எங்கயும் எழுதி வைக்கலையா?"

"எழுதுனா குத்தம்லா?"

"நீங்க தட்டிருக்கீங்களா சார்?"

"ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ மாட்டிக்கிட்டேன். ஒரு வருஷம் பறக்க விடல. தரையில உக்கார வச்சுட்டானுவ." சிரித்தார். "வீட்டுக்காரிக்கு மட்டும்தான் சந்தோஷம்."

செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை, உத்தரவுக்கு விரோதமான ஒன்றை, அந்த இரும்புப் பயல் தானாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறான். தான் பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாருக்கோ பாதிச் சோற்றைக் கொடுத்துவிட்டு வந்தது மாதிரி அவளுக்குப் பெருமையாக இருந்தது. கோளாறை விசாரிக்கிற கமிட்டியில் இதை எடுத்துச் சொன்னால் ஸ்டான்லி தன் பக்கம் நிற்பார் என்று நம்பினாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வாயைத் திறந்தவர் ஸ்டான்லி.

"அத எடுத்தே ஆவணும்."

செண்பகவல்லிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன சார் சொல்லுதீங்க? நீங்களே தட்டினவருதானே!"

"அதனாலதான் சொல்லுதேன் மேடம். நான் தட்டும்போ எனக்குத் தெரியும், மாட்டுனா வேலை போவும், ஜெயிலும் கிடைக்கும். தெரிஞ்சுதான் தட்டுனேன். கணக்குப் பாத்தேன், இன்னைக்குக் கப்பலுக்கு ஆபத்து இல்லன்னு பட்டுது, தட்டுனேன். தப்பாப் போயிருந்தா என் கழுத்து இருந்துது, பிடிக்கதுக்கு. இதுக்குக் கழுத்து எங்க இருக்கு? நாளைக்கு எதிரி நாலு பொம்மைய ரப்பர் படகுல போட்டு மிதக்க விடுவான். இது டக்குடக்குன்னு தட்டும். ஆயிரத்தைந்நூறு பேரு செத்துப் போவான். அப்பொ யாரப் பிடிச்சுக் கேப்பீங்க? பொறுப்பு ஏக்க ஆளில்லாத இடத்துல மனசாட்சிய வைக்கப் பிடாது."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. கோபம் மட்டும் வந்தது. வைத்தீஸ்வரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. யாருடைய மனதும் நோகாமல் காரியம் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர். உலகத்தில் பாதிக் காரியம் அப்படிப்பட்டவர்களால்தான் நடக்கிறது.

"நடுவுல ஒரு வழி இருக்கே," என்றார். "பாக்கட்டும். பாத்ததை ஞாபகத்துல வெச்சுக்கட்டும். அப்போ தட்ட வேண்டாம். கப்பலுக்குத் திரும்பி இறங்கின உடனே முதல் வேலையா அதைச் சொல்லட்டும். போய்ட்டு வர ரெண்டு மூணு மணி நேரம்தான். மிதக்கறவங்க அது வரைக்கும் மிதப்பாங்க."

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் செண்பகவல்லிக்கும் பிடித்திருந்தது. யாரையும் கைவிடவில்லை, கொஞ்சம் தாமதிக்கிறோம், அவ்வளவுதானே என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆலாவின் மனதில் அந்தப் பழக்கம் ஓரிடத்தில் இல்லை, எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஊறியிருந்தது. கத்தரித்து எடுக்க முடியாது. புதிதாகப் பழக்கித்தான் மறக்கடிக்க வேண்டும். கணினிக்குள் ஒரு பொய்க் கடலை உண்டாக்கி, அதில் ஆட்களை மிதக்கவிட்டாள். கிழவர்கள், பெண்கள், கையை ஆட்டுகிறவர்கள், ஆட்டத் தெம்பில்லாதவர்கள். ஆலா அவர்கள் மேல் பறக்கும். தட்டினால் மதிப்பெண் குறையும். தட்டாமல் போனால் ஏறும். முதலில் தட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் தயங்கித் தட்டியது. கடைசியில் தட்டுவதை நிறுத்தியது. ஒவ்வொரு தடவையும் அது தட்டியதா இல்லையா என்பதை மட்டும் குறித்துக்கொண்டாள். தட்டாத பின் அது என்ன செய்தது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பொய்க் கடலில் காட்சி அத்தோடு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

பிறகு நிஜக் கடல். முக்குளிக்கத் தெரிந்த மாலுமிகள் நான்கு பேரை ரப்பர் படகில் விட்டார்கள். அரசாங்க வேலை, ஆளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று பக்கத்திலேயே காவலுக்கு ஒரு மோட்டார் படகும் நின்றது. ஆலா வந்தது, பார்த்தது, ஒரு சத்தமும் இல்லாமல் போனது, திரும்பி வந்து இறங்கியதும் 'நீரில் நால்வர்' என்று இடத்தோடு சொன்னது. ஆய்வகத்தில் லட்டு கொடுத்தார்கள். ஒன்றும் பேசாததற்கு லட்டு கொடுத்துக் கொண்டாடியது அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

இறுதிச் சோதனைக்குக் கப்பலுக்கே வரச் சொன்னார்கள். செண்பகவல்லி அதுவரை கப்பலில் காலை வைத்ததில்லை. முதல் நாள் முழுக்க வாந்தியெடுத்துக்கொண்டு வாளியும் கையுமாக இருந்தாள். ஸ்டான்லி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கமிட்டிக்குப் பிறகு அவரோடு அவள் சரியாகப் பேசியிருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை வாங்கி முகர்ந்த பிறகு கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது சிரமமாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஆலா கிளம்பியது. மகரம் வானொலியை அடைத்து, ராடாரை அணைத்து, இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தது. பத்து மணி வாக்கில் ஆலா திரும்ப வேண்டும். பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. மேல்தளத்தில் விமானம் இறக்குகிற வேலைக்கான பச்சைச் சட்டைக்காரர்களும் மஞ்சள் சட்டைக்காரர்களும் வெயிலில் நின்று அது போன வடக்குத் திசையையே பார்த்தார்கள். வைத்தீஸ்வரன் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்க முடியாதா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டாலும் பதில் சொல்லாது சார். அப்பிடித்தானே செஞ்சு வச்சிருக்கோம்," என்றாள் செண்பகவல்லி.

மதியச் சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடலில் விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பத்து வருஷம் கடலுக்கு அடியில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு வைத்தீஸ்வரன் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய ஆரம்பித்த பிறகு ஒரு மாலுமி கையை நீட்டிக் கத்தினான். தாழ்வாக, சாம்பல் நிறத்தில், சத்தமே அதிகமில்லாமல் ஆலா வந்துகொண்டிருந்தது. கொக்கி கயிற்றில் மாட்டியது. நின்றது. எரிபொருள் தொட்டி ஒட்டக் காய்ந்திருந்தது. மாலுமிகள் விசிலடித்தார்கள். வைத்தீஸ்வரன் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டார். செண்பகவல்லி கூச்சமில்லாமல் அழுதாள். ஊர் சுற்றப் போன பிள்ளை வீடு திரும்பியதும் எந்தத் தாயும் முதலில் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதில்லை.

கீழ்த்தளத்து அறையில் அதன் நினைவுப்பெட்டியைத் திரையில் மாட்டினார்கள். சொல்லிக்கொடுத்தபடி முதல் வேலையாக அது சொன்னது: 'நீரில் மூவர்.' பக்கத்தில் இடமும் நேரமும். காலையில் கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்குள் பார்த்திருக்கிறது. ஹெலிகாப்டருக்கு அரை மணி தூரம்.

செண்பகவல்லி அது போன பாதையைப் படத்தில் போட்டாள். கப்பலிலிருந்து நேராக ஒரு கோடு. அதன் முனையில் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் வட்டம், அதன் மேல் வட்டம், கோடு தடித்துக் கறுத்துப் போகும் அளவுக்கு. அதற்கு அப்பால் எங்கும் போகவில்லை. எதிரிக் கப்பல்களைத் தேடிப் போன விமானம், அந்த மூன்று பேருக்கு மேலே நாள் முழுதும் சுற்றிவிட்டு, எரிபொருள் தீரும் தறுவாயில் வீடு திரும்பியிருக்கிறது.

"எதுக்கு இப்பிடிச் சுத்திருக்கு?" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

ஸ்டான்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சுத்துவோம் மேடம். தட்டிட்டு, ஹெலிகாப்டர் வருவது வரைக்கும் ஆளுக்கு நேரா மேல சுத்துவோம். கடல்ல அடையாளம் கிடையாதுல்லா. நாங்க சுத்துகதப் பாத்துத்தான் அவன் இடத்தக் கண்டுபிடிப்பான். விட்டுட்டு வர மாட்டோம்." திரையில் இருந்த வட்டத்தை விரலால் தொட்டார். "அன்னைக்கு உங்கட்ட அதச் சொல்லணும்னே தோணல. தட்டுகதுதான் குத்தம், அதனால அது ஞாபகம் இருந்துது. சுத்துகது... அது எல்லாருக்கும் தெரியும்லா."

ஆலாவுக்கும் தெரிந்திருந்தது. கூப்பிடக் கூடாது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். காத்திருக்காதே என்று சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை ஹெலிகாப்டர் சீக்கிரமே வந்துவிட்டதால் அது சுற்றியதை யாரும் கவனிக்கவில்லை. சோதனையில் காவல் படகு பக்கத்திலேயே நின்றதால் அதற்குச் சுற்ற வேண்டிய தேவையே வரவில்லை. இன்றைக்குத் தேவை வந்தது. யாரையும் கூப்பிடாமல், வரப்போகிறவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. நேராகத் திரும்பியிருந்தால்கூட முன்பகலிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஸ்டான்லி அதற்குள் படியேறி ஓடிவிட்டார். கேப்டனிடம் விஷயம் போயிற்று. அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சோதனையாவது மண்ணாவது என்று வானொலியைத் திறக்கச் சொன்னார், ஹெலிகாப்டரைக் கிளப்பினார், கப்பலையும் அந்தப் பக்கம் திருப்பினார். காலையில் இரண்டு தட்டு கேட்டிருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

செண்பகவல்லி திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று வைத்தீஸ்வரன் சொன்னதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆலா அவர்களைப் படம் பிடித்திருந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் மூன்று பேர். அவர்கள் ஒரு தடவையும் மேலே பார்க்கவில்லை. அவ்வளவு உயரத்தில் அது இருப்பது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். உச்சி வெயிலில் மூன்று பேர் இரண்டு பேரானார்கள். ஆலா வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி, போனவரைத் தேடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. அது திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர்தான் இருந்தார்.

அந்த ஒருவரைச் சாயங்காலம் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

கப்பல் மருத்துவர் பஞ்சாபி, தமிழ் தெரியாது. பேரும் ஊரும் கேட்டுச் சொல்லத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். செண்பகவல்லி நான் போகிறேன் என்றாள். வைத்தீஸ்வரன் நடைபாதையில் அவளை நிறுத்தினார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"ஆலாவைப் பத்தி ஒரு வார்த்தை கூடாதும்மா. ரகசியக் காப்புப் பிரமாணம் நம்ம எல்லாருக்கும் உண்டு. வழக்கமா ரோந்து போன ஹெலிகாப்டர் பாத்துதுன்னு சொல்லுங்க. பொய்யுமில்லை, கடைசியில அதுதானே தூக்கிண்டு வந்துது."

அவள் மருத்துவ அறையை நோக்கி நடந்தாள். ஸ்டான்லி கூடவே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

கட்டிலில் கிடந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். உதடு வெடித்து, முகம் உப்புப் பூத்திருந்தது. கலைவேந்தன் என்றான். நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு குப்பம். கூட வந்தவர்கள் அவன் சித்தப்பாவும் மச்சானும். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுங்க தம்பி, படுங்க."

"நீங்கள்லாம் நல்லா இருக்கணும்க்கா," என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நான் பொழச்சதே பெருசு. ராத்திரியே போட்டு கவுந்துடிச்சி. சித்தப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு, யாராச்சும் பாப்பாங்கடா, கைய விட்டுடாதடான்னு. எனக்குத்தாங்க்கா கோவம் வந்துடிச்சி. இந்தக் கடல்ல நம்மள எவன் பாக்குறான், சும்மா இருன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல. மத்தியானம் பாத்தா கை மட்டும் நழுவுது. மச்சானும் பின்னாலயே போயிட்டாப்ல." மூச்சு வாங்கினான். "நான் அப்பிடிச் சொல்லாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாருங்க்கா. நம்பிக்கையிலயே இருந்திருப்பாரு."

அவள் மற்றக் கையால் தண்ணீரை எடுத்து அவன் உதட்டில் வைத்தாள்.

"எங்கள யாருங்க்கா பாத்தது? அவரு கால்ல விழுந்து கும்பிடணும்."

ரோந்து ஹெலிகாப்டர் என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் ஆலாவின் திட்டம் நடக்கும், அவள் வேலை நிற்கும், அடுத்த மாதம் யாரோ அவளைக் கூப்பிட்டு, வட்டமிடுகிற பழக்கத்தையும் எடுத்துவிடு என்பார்கள். இவனும் வாழ்நாளெல்லாம் சித்தப்பாவைக் கொன்றது தன் வாய் என்று நினைத்துக்கொண்டு கடலுக்குப் போய்வருவான். செண்பகவல்லி திரும்பி ஸ்டான்லியைப் பார்த்தாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. கதவை உள்பக்கமாகச் சாத்தினார்.

"உங்க சித்தப்பா சொன்னதுதான் சரி தம்பி. காலையிலயே உங்கள பாத்தாச்சு. நீங்க மூணு பேரும் இருந்தப்பவே பாத்தாச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அவளையே பார்த்தான்.

"உங்களுக்கு நேரா மேல ஒரு விமானம் நாள் பூரா சுத்திக்கிட்டுதான் இருந்திச்சு. ஆளில்லாத விமானம். பாத்தா உடனே கப்பலக் கூப்பிடுத பழக்கம் அதுக்கு இருந்திச்சு. கூப்பிடக் கூடாதுன்னு பழக்கிவிட்டது நான்தான். கூப்பிட்டிருந்தா அரை மணி நேரத்துல வந்திருப்பாங்க. சித்தப்பா இருந்திருப்பாரு, மச்சானும் இருந்திருப்பாரு. நீங்க சொன்ன சொல்லால ஒண்ணும் ஆகல."

கலைவேந்தன் அவள் கையை விட்டான். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் கத்துவான், அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"கரைக்குப் போனதும் கேப்பாங்க," என்றாள். "போலீசு கேக்கும், உங்க ஊரு ஆளுங்க கேப்பாங்க, உங்க சித்தி கேப்பாங்க. யாராலன்னு கேட்டா கடல்னு சொல்லாதீங்க. எம் பேரு செண்பகவல்லி. ஊரு கோவில்பட்டி. என்னச் சொல்லுங்க."

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். வெடித்த உதடு அசைந்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றான்.

சொன்னாள்.